ராஜ்மாவும் தனலட்சுமியின் ரத்தமும்

போன மாதம், நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியிலிருந்து புதிய நர்ஸ் போன் செய்தாள். சத்துணவு வாரம் கொண்டாடுகிறார்களாம். கேன்டீன் சுவரில் ஒட்டப் பெரிய போஸ்டர் தயாராம். நடுவில் ராஜ்மா படம், சுற்றிலும் புரதம் இவ்வளவு, நார்ச்சத்து இவ்வளவு, இரும்பு இவ்வளவு, ஃபோலிக் அமிலம் இவ்வளவு என்று கட்டம் கட்டியிருக்கிறார்கள். “மேடம், இந்தக் கம்பெனிக்கு ராஜ்மா வந்ததே உங்க காலத்துலதானாமே. அதோட சத்து பத்தி ரெண்டு நிமிஷம் பேசி வீடியோ அனுப்புங்க” என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு, புடவையெல்லாம் மாற்றிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தேன். முதல் வாக்கியமே வரவில்லை. ராஜ்மாவில் இரும்புச்சத்து இருக்கிறது என்று சொல்லலாம். பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வாயெடுத்தாலே தையல் பிரிவு தனலட்சுமி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறாள். உடனே எனக்குக் குழப்பமாகிவிடுகிறது. பேச வராததை எழுதியாவது பார்ப்போம் என்று எழுதுகிறேன்.

நான் அரக்கோணத்து ரயில்வே குடும்பத்துப் பெண். வேலூரில் நர்சிங் முடித்து, பிரசவ வார்டில் ஓடி ஓடிக் கால் வீங்கி, கல்யாணமாகி ஆம்பூர் வந்து, கம்பெனியின் முதலுதவி அறையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அறையில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. ஊசி ஏறிய விரல், பசை வாடையில் தலைவலி, மயக்கம், இவைதான் அங்கே என் பிழைப்பு. மூன்றில் மயக்கம்தான் ஜாஸ்தி. ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவு முழுக்கப் பெண்கள். காலையில் எட்டு ஊருக்குச் சோறு பொங்கி வைத்ததுபோல் வேலை செய்துவிட்டு, தாங்கள் ஒரு டம்ளர் டீயோடு பஸ் ஏறி வருவார்கள். பதினோரு மணிக்கு ஒருத்தி சரிவாள். இரண்டு பேர் கைத்தாங்கலாக என் அறைக்குக் கூட்டி வருவார்கள்.

எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்த ஒரு அம்மா, நான் கட்டிலில் மூன்று பேரைப் படுக்க வைத்திருந்த நேரமாகப் பார்த்து அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். மறுநாளே வெல்ஃபேர் ஆபீசர் இக்பால் சார் கூப்பிட்டார்.

இக்பால் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோல் மண்டிக் குடும்பத்துப் பிள்ளை. மேஜையில் ஒரு பேனாவைத் தவிர எதுவும் இருக்காது. நாம் பேசத் தொடங்கினால் அந்தப் பேனாவை மூடுவார். பேச்சு நீண்டால் திறப்பார். திறந்துவிட்டார் என்றால் நேரம் முடிந்தது என்று அர்த்தம். யாரையும் அதட்ட மாட்டார். மத்தியானம் கேன்டீன் வரிசையில் கடைசி ஆளாகத் தட்டோடு நிற்பார், குழம்பு தீர்ந்திருந்தால் மோர் ஊற்றிக்கொண்டு போவார். ஆனால் எந்த விஷயத்தையும் ஒரே கேள்வியில்தான் கேட்பார். “ஒரே வார்த்தை சிஸ்டர். ஜாஸ்தியா, கம்மியா?” உலகத்தில் பாதி விஷயம் ஜாஸ்தியும் இல்லை கம்மியும் இல்லை என்று அவரிடம் சொல்லிப் பார்த்து நான் தோற்றுப்போனேன்.

“கம்மி சார்” என்றேன்.

“எத ஜாஸ்தி பண்ணணும்?”

“இரும்புச்சத்து. மாத்திரை குடுத்தா தூக்கிப் போட்டுடறாங்க. சாயங்காலம் டீக்கு பிஸ்கட் குடுக்கறதுக்குப் பதிலா ஏதாவது பயறு, கொட்டைன்னு சுண்டல் பண்ணிக் குடுக்கலாம்.”

அவர் போனில் எதையோ தேடினார். “ராஜ்மா. சிவப்பா இருக்கு. ரத்தமும் சிவப்பு. ஜனங்களுக்குச் சொல்ல ஈசி” என்றார். பேனா திறந்துவிட்டது.

கேன்டீன் மாஸ்டர் பாபுவிடம் போய்ச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: “கடலைக்கு இன்னா கொறச்சல் சிஸ்டர்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. கொண்டைக்கடலையிலும் கிட்டத்தட்ட அதே இரும்பு இருக்கிறது. சிவப்பாக இருக்கிறதே என்று நானும் சாரைப் போலவே சொல்லிவிட்டு வந்தேன். போதாக்குறைக்கு இக்பால் சார் ராஜ்மா பாக்கெட் மேல் அச்சிட்டிருந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு தட்டுச் சுண்டலில் ஒரு நாளைக்கு வேண்டிய இரும்பில் பெரும்பகுதி வந்துவிடும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். அது காய்ந்த கொட்டைக்கு உண்டான அளவு. ஊறி வெந்தால் கொட்டை தண்ணீர் குடித்து உப்பிவிடும், அதே எடைக்குச் சத்து பாதிக்கும் கீழே போய்விடும். இதை நான் அவரிடம் விளக்கி முடிப்பதற்குள் பேனா இரண்டு முறை திறந்து மூடியது.

முதல் வாரமே கோளாறு. நீராவி அண்டாவில் வைத்துக் கொடுத்த சுண்டலைத் தின்ற கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் வாந்தி. பசை வாடைதான் என்று எல்லாரும் சொல்ல, நானும் நம்பி ஜன்னலைத் திறக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன். பசைப் பக்கமே போகாத பேக்கிங் பெண் ஒருத்தி வந்து வாந்தி எடுத்த பிறகுதான் கேன்டீனுக்குப் போய்க் கொட்டையைக் கடித்துப் பார்த்தேன். நடுவில் கறுக்கென்றது. ராஜ்மாவுக்கு அந்தக் குணம் உண்டு. அரைவேக்காட்டில் அது விஷம். அண்டாவின் சூடு அதற்குப் போதவில்லை. அதற்குப் பிறகு பாபு மாஸ்டர் முதல் நாளே ஊறப்போட்டு, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம்தான் குக்கரில் போடுவார். வெந்ததா என்று பார்க்க ஒரு கொட்டையை இரண்டு விரலால் நசுக்குவார். தோலும் உள்ளும் ஒன்றாக மசிந்தால்தான் இறக்குவார். வாந்தி நின்றது. ஆனால் ஒரே கொட்டை உடம்பைத் தேற்றவும் செய்யும், கவிழ்க்கவும் செய்யும் என்றால் ஜனங்களுக்கு என்னவென்று சொல்லிப் புரியவைப்பது என்று எனக்கு அப்போதே மண்டை காய்ந்தது.

ரத்தம் பார்க்கிற வேலை என்னுடையது. ரொம்பக் குறைவாக இருந்தவர்களுக்கு வாரா வாரம் பார்த்தேன். தையல்காரிகளின் விரல் நுனி காய்ப்புக் காய்த்திருக்கும், பசையும் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவச் சொல்லி, நன்றாகத் துடைத்து, மோதிர விரலின் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துவேன். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். இரண்டாவது சொட்டு தானாக முட்டி நிற்க வேண்டும். விரலைப் பிசைந்து எடுத்தால் நீர் கலந்து கணக்குக் குறையும். அந்தச் சொட்டை அட்டையில் தொட்டால் மெஷின் எண்ணைக் காட்டும். அந்த ஒரு நிமிஷம் அறையில் இருக்கிறவர்கள் எல்லாரும் பரீட்சை முடிவு பார்ப்பதுபோல எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பன்னிரண்டாவது காட்ட வேண்டிய ஹீமோகுளோபின், தனலட்சுமிக்கு எட்டுக்கு மேல் ஏறவே இல்லை. அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள், ஆனால் ரத்த அளவு குறைந்தது பத்து இருக்க வேண்டும். இரண்டு தடவை பையில் துணி, டம்ளர் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு போய், ரத்தம் பத்தவில்லை என்று திரும்பி வந்தாள். மாத்திரை தின்றால் வயிறு பிடித்துக்கொள்கிறது என்றாள். ரத்தம் ஏற்றிக்கொள்ளலாம் என்றால் பயந்தாள். கட்டி இருக்கிற வரை ரத்தம் போகும், ரத்தம் போகிற வரை கட்டியை எடுக்க முடியாது. இப்படி ஒரு சுழலில் அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் ராஜ்மாவைச் சொன்னேன். அவள் சாமி பிரசாதம் மாதிரி இரண்டு தட்டு வாங்கித் தின்றாள், என் கண் முன்னாலேயே. டீயைக் குடித்துக்கொண்டே ஒரு கொட்டை விடாமல் தின்றாள்.

ரம்ஜான் வந்தது. கம்பெனியில் பாதிப் பெண்கள் நோன்பு. அவர்கள் சாயங்காலச் சுண்டலை டப்பாவில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், நோன்பு திறக்கும்போது சாப்பிடுவார்கள். இரண்டு வாரம் கழித்துக் குத்திப் பார்த்தால், நோன்பு வைத்தவர்களுக்கு ரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. கேன்டீனில் உட்கார்ந்து தினமும் தின்றவர்களுக்கு அப்படியே நின்றது. தனலட்சுமிக்குப் பக்கத்துத் தையல் மெஷினில் நஸ்ரீன். அவளுக்கு ஏறியிருந்தது. தனலட்சுமிக்கு இறங்கியிருந்தது. ரத்தம் பார்க்கிற மெஷின் கெட்டுவிட்டதோ என்று என் விரலையே குத்திப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் காட்டியது.

தனலட்சுமி மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் இன்னா தப்பு பண்ணேன் சிஸ்டர்? அவ பகல் பூரா பட்டினி. நான் ரெண்டு தட்டு துன்றேன்.”

எனக்கு அழுகை வந்தது.

இக்பால் சாரிடம் போனேன். வாரம் ஒரு முறை வருகிற கம்பெனி டாக்டரும் அங்கே இருந்தார். அவர்தான் சொன்னார். டீயோடு சேர்த்துத் தின்றால் கொட்டையில் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளாது, டீயில் இருக்கிற துவர்ப்பு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தோல் பதனிடப் போடுகிற மரப்பட்டையிலும் அதே மாதிரித் துவர்ப்புதான் இருக்கிறது என்றார். இக்பால் சார் பேனாவை மூடினார். “அப்போ ஒரு மாசமா இவங்க வயித்துல தோல் பதம் பண்ணிட்டு இருந்தோமா சிஸ்டர்?”

சரி, டீதான் காரணம் என்று நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தம் கெட்டியாகி, மெஷினில் ஏறினது போலவும் காட்டும், நிஜமாகவே ஏறியிருக்க வேண்டும் என்பதில்லை என்றார்.

“ஒரே வார்த்தை” என்றார் இக்பால் சார்.

டாக்டர் யோசித்தார். “தெரியல” என்றார். அந்த ஆபீசில் இக்பால் சார் கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போனது.

டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தோம். லைனை இரண்டு தடவை நிறுத்த முடியாது என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். சுண்டலை நிறுத்தினாலும் பரவாயில்லை, டீயில் கை வைக்காதீர்கள் என்றார்கள் பெண்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த நாளில் அவர்களுக்கென்று வருகிற பத்து நிமிஷம் அதுதான்.

அதற்குள் தையல் பிரிவில் பேச்சு வேறு மாதிரி கிளம்பிவிட்டது. நோன்பு இருந்தால் ரத்தம் ஊறுகிறது. சிஸ்டர் மெஷினே சொல்லுது. அடுத்த நாள் காலையில் தனலட்சுமி என் அறை வாசலில் வந்து நின்று, “நானும் இன்னிலேர்ந்து நோன்பு சிஸ்டர்” என்றாள். உதட்டில் ரத்தமே இல்லை. எழுந்து நின்றாலே கண் இருட்டுகிற பெண்.

“உனக்கு பைத்தியமா தனம்? நீ தண்ணி கூட குடிக்காம இருந்தா மெஷின் மேலயே விழுவ.”

“அவளுக்கு ஏறுச்சுல்ல?”

அவளுக்கு ஏறியது உண்மைதான். நான் என்ன சொல்வது? டீ என்று சொன்னேன், துவர்ப்பு என்று சொன்னேன், ரத்தம் கெட்டியாவது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. அவள் கேட்டுவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். வேறு வழி தெரியாமல் அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் தனலட்சுமியைக் கூட்டிக்கொண்டு நஸ்ரீனோடு அவள் வீட்டுக்குப் போனேன். தெருவில் பிரியாணிக் கடைகளெல்லாம் சமோசா கடைகளாக மாறியிருந்தன. வீட்டில் நஸ்ரீனின் மாமியார், கணவர், இரண்டு நாத்தனார்கள். கீழே விரிப்பு விரித்து, அதில் பேரீச்சம்பழம், தர்பூசணி, கொத்துக்கறி போட்ட நோன்புக் கஞ்சி, எலுமிச்சை பிழிந்த எங்கள் கம்பெனி ராஜ்மா.

மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா தனலட்சுமியின் கீழ் இமையை இழுத்துக் கண்ணின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். நான் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

“ஒடம்பு முடியாதவங்களுக்கு எங்கள்லயே நோன்பு கிடையாது மகளே. ஒனக்கு யார் சொன்னா? பகல்ல நல்லா சாப்டு, தண்ணி குடி. சாயங்காலம் மட்டும் இங்க வந்துடு. நோன்பு தொறக்கறதுக்கு யார் வேணா ஒக்காரலாம்.”

“அப்போ ரத்தம் ஏறுமா மா?” என்றாள் தனலட்சுமி.

“அது எனக்கு இன்னா தெரியும்? சிஸ்டர கேளு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதால் தப்பித்தேன்.

அன்றிலிருந்து தனலட்சுமி பகலில் சாப்பிட்டாள். சாயங்காலம் டீ வரிசையில் நிற்காமல், சுண்டலை டப்பாவில் வாங்கிக்கொண்டு நஸ்ரீனோடு அவள் வீட்டுக்குப் போனாள். பெருநாள் முடிந்தது. பெருநாளுக்குப் பிறகு வைக்கிற ஆறு நோன்பையும் நஸ்ரீன் பிடித்தாள், அதற்கும் இவள் போனாள். அதுவும் முடிந்த பிறகு, “நோன்பு போனா சோறும் போய்டுமா?” என்று மாமியார் அதட்டியதால் பஸ் ஏறுவதற்கு முன்னால் தினமும் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். இதற்கு நடுவில் வேலூரில் உதிரப்போக்கு குறைய வேறு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். வாரா வாரம் விரலைக் குத்தினேன். ஏறியது. மெதுவாக, ஒரு வாரம் ஏறி ஒரு வாரம் நின்று, மறுபடி ஏறியது.

ஆஸ்பத்திரிக்கு மூன்றாவது தடவை போகும்போது நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். அவள் கணவன் சேகர் லாரி ஷெட்டில் லோடு ஏற்றுகிறவன். பேசாத மனிதன், பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். ரத்த முடிவு வர மத்தியானம் ஆனது. இந்தத் தடவையும் இல்லை என்றால் அவளைக் கம்பெனியில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள், அவள் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பத்தைத் தாண்டியிருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பழைய முடிவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இரும்பு மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சீங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறம் எப்படி?”

நான் முந்திக்கொண்டு ஆரம்பித்தேன். ராஜ்மா, டீயை நிறுத்தியது, எலுமிச்சை, கஞ்சியில் இருந்த கறி, உதிரப்போக்குக்குக் கொடுத்த மாத்திரை. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கலந்து சொன்னேன். டாக்டர் பொறுமையாகத் தலையாட்டினார்.

நான் நிறுத்தியதும் தனலட்சுமி சொன்னாள். “நஸ்ரீன் வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல துன்னுவாங்க டாக்டர். அந்தப் பாங்கு சொல்றவரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. சொன்னதும் எல்லாரும் ஒண்ணா. எங்க வீட்ல மாமனார், இவரு, பசங்க எல்லாம் ஆனப்புறம் நானு. இருக்கறத துன்னுட்டு ஏனம் பாத்திரத்த கழுவிடுவேன். யாரும் வேணாம்னு சொல்லல. அப்டியே பழகிப்போச்சு. அவங்க வீட்ல ஒரு நாள் நான் வர லேட்டாச்சு, பாங்கு சொல்லியும் அந்தம்மா எனக்காக பேரீச்சம்பழத்த கையிலயே வச்சினு ஒக்காந்திருந்தாங்க.”

சேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் கையெழுத்துப் போட்டு, அடுத்த வாரத்துக்கு நாள் கொடுத்தார். கம்பெனியில் எத்தனையோ பேரிடம் என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறேன். யாருக்கு அப்புறம் சாப்பிட்டாய் என்று கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சோறு சாப்பிடலாம் என்று சொன்ன அன்று மத்தியானம் பார்க்கப் போயிருந்தேன். சேகர் கேரியரோடு வந்தான். அவனே சமைத்ததாம், ரசம் தண்ணீர் மாதிரி இருந்தது. தட்டில் குழைந்த சாதத்தைப் போட்டு ரசம் ஊற்றி அவள் முன்னால் வைத்தான்.

“நீ மொதல்ல சாப்டு. நான் அப்புறமா பாத்துக்கறேன்.”

அவள் தட்டில் கை வைக்கவில்லை. “மொதல்லயும் வேணாம், கடைசிலயும் வேணாம். நீங்களும் போட்டுக்கோங்க. சிஸ்டருக்கும் அந்த மூடில போடுங்க.”

“சிஸ்டர் சாப்டுட்டு வந்திருப்பாங்க” என்றான் அவன், கூச்சத்தோடு.

நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். சாப்பிடவில்லை என்றேன். அவன் மூடியில் எனக்குப் போட்டான், கேரியர் அடுக்கிலேயே தனக்குப் போட்டுக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவன் உட்காரும் வரை அவள் தட்டைத் தொடவில்லை. அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். ரசத்தில் உப்பே இல்லை. வீட்டில் சாப்பிட்ட சோறே எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அவள் நிமிர்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சாப்பிட்டேன்.